ஐயாயிரம் ரூபாய் ரசீது: ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைக்கு நிதி திரட்டிய வரலாறு

சென்னை விமான நிலையத்துக்கும் கிண்டிக்கும் இடையே, பரங்கிமலையை ஒட்டி அமைந்த ஆலந்தூர், 1990களில் சென்னை மாநகராட்சிக்கு வெளியே தனி நகராட்சியாக இருந்தது. ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் ஆகிய பகுதிகள் அதில் அடங்கின. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு சுமார் 1.25 லட்சம் பேர் வாழ்ந்தனர். 2001இல் அந்த எண்ணிக்கை சுமார் 1.46 லட்சமாக உயர்ந்தது. அரசு ஊழியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றோர் எனச் சேமிப்பைக் கொண்டு மனை வாங்கி வீடு கட்டிய நடுத்தர வகுப்பினர் நிறைந்த ஊர் அது. அவர்களுக்கு அருகிலேயே குடிசைப் பகுதிகளும் கணிசமாக இருந்தன. ஊர் முழுவதற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு என்றால், கழிவுநீர் போக வழியில்லை என்பதுதான்.

வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருந்தது. அது நிரம்பினால் டேங்கர் லாரியை வரவழைக்க வேண்டும். வரவழைக்கத் தாமதமானாலோ செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட்டாலோ, வழிந்த நீர் தெருவோரத் திறந்த கால்வாயில் கலந்தது. சிறிய மனைகளில் கிணறும் செப்டிக் டேங்கும் சில அடி தூரத்தில் அமைந்திருந்ததால், கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நம்பியிருந்த குடும்பங்கள் தம் கழிவு கலந்த நீரையே திரும்ப இறைத்துக்கொள்ளும் நிலை இருந்தது. கொசுத் தொல்லையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடை அமைக்க வேண்டும் என்பதில் அங்கே எவருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை. கேள்வி முழுவதும் பணத்தைப் பற்றியதாகவே இருந்தது.

நகராட்சி ஒன்றின் கையில் இருக்கும் வழிகள் மிகக் குறைவு. சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, குடிநீர்க் கட்டணம், மாநில அரசு பகிர்ந்தளிக்கும் நிதி ஆகியவை வருவாயாக வருகின்றன. ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்கு, குப்பை அள்ளுதல், சாலைப் பழுது என அது செலவாகிவிடுகிறது. எஞ்சுவதைச் சேர்த்துவைத்துப் பல கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்க நினைத்தால், விலைவாசி எப்போதும் சேமிப்பை முந்திக்கொண்டே இருக்கும். மாநில அரசின் மானியத்துக்காகக் காத்திருப்பதே வழக்கமான விடை. அந்தக் காத்திருப்பில் ஒரு தலைமுறை கழிந்துவிடுவதும் வழக்கமே.

இதனுடன் இன்னொரு பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1986இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு, அந்தப் பதவிக்காலம் முடிந்தும் பல ஆண்டுகள் தேர்தல் நடத்தப்படவில்லை. நகராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிய அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தத்துக்குப் பின் 1996 அக்டோபரில் தேர்தல் நடந்து, மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றங்கள் மீண்டும் அமைந்தன. ஆலந்தூர் நகர்மன்றத் தலைவராகப் பொறுப்பேற்றவர், பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினரான ஆர்.எஸ்.பாரதி. பாதாளச் சாக்கடைத் திட்டத்தை அந்த மன்றம் முதன்மையான வேலையாக எடுத்துக்கொண்டது. தனி அலுவலர் ஒருவர் வீடு வீடாகச் சென்று பணம் கேட்டிருக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்தால், இந்த வரலாற்றில் அந்தத் தேர்தலுக்கு உள்ள இடம் விளங்கும்.

34 கோடி எங்கிருந்து வந்தது

திட்டத்தின் மதிப்பீடு சுமார் 34 கோடி ரூபாய். ஊர் முழுவதும் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்தல், நீரேற்று நிலையம் அமைத்தல் ஆகியவை இதில் அடங்கும். பெருங்குடியில் அமையவிருந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அதைப் பின்னர் பார்ப்போம்.

இந்த 34 கோடியில் 16 கோடி, தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் அடிப்படை வசதி மேம்பாட்டுக் கழகத்திடமிருந்து சுமார் 5 விழுக்காடு வட்டியில் கடனாக வந்தது. நடுவண் அரசின் பெருநகரத் திட்டத்தின்கீழ் வந்த பணம் என்பதால் வட்டி குறைவாக இருந்தது. 4 கோடி, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திடமிருந்து சுமார் 16 விழுக்காடு வட்டியில் கடனாக வந்தது. இவ்விரு அமைப்புகளும் முறையே 1 கோடியும் 3 கோடியும் மானியமாகத் தந்தன. 8 கோடியை ஊர்மக்கள் வைப்புத்தொகையாகத் தர வேண்டும் என்றும், அந்தத் தொகை செலவாகும்வரை வங்கியில் இருந்து ஈட்டும் வட்டி 2 கோடி ரூபாய் என்றும் கணக்கிடப்பட்டது.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மலிவான 16 கோடிக்கு முதல் ஆண்டு வட்டி 80 லட்சம். விலை கூடிய 4 கோடிக்கு வட்டி 64 லட்சம். தொகையில் நான்கில் ஒரு பங்கேயான கடன், வட்டியில் ஏறத்தாழ மற்றதற்கு இணையாக நிற்கிறது. இரண்டையும் சேர்த்தால் 20 கோடிக்கு 1 கோடியே 44 லட்சம், அதாவது சராசரியாக 7.2 விழுக்காடு. அந்த 20 கோடி முழுவதையும் 16 விழுக்காட்டில் வாங்கியிருந்தால் வட்டி மட்டுமே ஆண்டுக்கு 3 கோடியே 20 லட்சம் ஆகியிருக்கும். மக்கள் தந்த 8 கோடியும் அதன் வட்டியான 2 கோடியும் இல்லாமல் அந்த 10 கோடியையும் கடனாகவே வாங்க நேர்ந்திருந்தால், சுமை எந்த அளவுக்குக் கூடியிருக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். திட்டத்தின் உயிர், பணம் எவ்வளவு கிடைத்தது என்பதைக் காட்டிலும் அது எந்த விலையில் கிடைத்தது என்பதில் இருந்தது.

4 கோடி கடன் தந்த நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனெனில் நகராட்சி நிதி பற்றிய பேச்சில் அது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. உலக வங்கியின் உதவியுடன் 1988இல் மாநில அரசு நகராட்சிகளுக்குக் கடன் தர ஒரு நிதியை ஏற்படுத்தியது. 1996இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் என்ற அறக்கட்டளையாக மாற்றப்பட்டு, ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி, ஐஎல் அண்ட் எஃப்எஸ் ஆகிய நிதி நிறுவனங்களும் அதில் பங்கேற்றன. நிதியத்தை நிர்வகிக்கும் நிறுவனத்தில் அப்போது மாநில அரசின் பங்கு 49 விழுக்காடு; எஞ்சிய 51 விழுக்காடு அந்த மூன்று நிறுவனங்களுடையது. இதனால் விளைந்த மாற்றம் எளிதானது, ஆனால் ஆழமானது. கடன் கேட்டு வரும் நகராட்சியிடம் “எப்படித் திருப்பிச் செலுத்துவீர்கள்?” என்ற கேள்வி முதன்முறையாக உண்மையாகவே கேட்கப்பட்டது. ஆலந்தூர் அந்தக் கேள்விக்கு விடை தயாரித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த விடைதான் வைப்புத்தொகை.

வீடு வீடாக

வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் 10,000 ரூபாய் என வைப்புத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. திட்டம் முடிந்தபின் மாதக் கட்டணமாக வீடுகளுக்கு 150, வணிக இடங்களுக்கு 450, தொழிற்கூடங்களுக்கு 750 ரூபாய் எனத் திட்டமிடப்பட்டது. அதற்குமுன், மக்கள் எவ்வளவு தர ஒப்புவார்கள் என்பதை அறிய வீட்டு மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டது. பெரும்பாலான குடும்பங்கள் பாதாளச் சாக்கடை வேண்டும் என்றே கூறின. வேண்டும் என்று கூறுவதும், குழாயின் ஒரு துண்டுகூடக் கண்ணில் படாத நிலையில் ஐயாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. 1990களின் இறுதியில் பல வீடுகளில் அது ஒருவரின் மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை.

பணத்தை முன்கூட்டிப் பெறுவதில் இருந்த இடர்ப்பாட்டை அங்கே வாழ்ந்தவர்களின் நிலையில் நின்று பார்ப்போம். நகராட்சி அதற்குமுன் எந்தப் பெருந்திட்டத்தையும் மக்களின் பணத்தைக் கொண்டு முடித்துக் காட்டியதில்லை. தேர்தலில் வென்றவர் அடுத்த தேர்தலில் தோற்கலாம். அப்போது கையிலிருக்கும் ரசீது வெறும் காகிதமாகிவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. அண்டை வீட்டார் கட்டாமல் நான் மட்டும் கட்டினால் திட்டம் வராது. அவர்கள் கட்டி நான் கட்டாவிட்டாலும் குழாய் என் வாசல்வழியேதான் போகும். ஒவ்வொரு வீட்டிலும் இந்த இரண்டு எண்ணங்களும் சேர்ந்தே ஓடியிருக்கும்.

இதை எதிர்கொள்ள நகர்மன்றம் செய்தவை எளியவை, ஆனால் சோர்வு தருபவை. குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டங்களுக்குத் தலைவரும் ஆணையரும் பொறியாளர்களும் நேரில் சென்று திட்டத்தை விளக்கினர். நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் இந்தச் சங்கங்கள் வலுவாக இருந்தன. படித்த, ஓய்வுபெற்ற, கணக்குக் கேட்கத் தயங்காத உறுப்பினர்கள் அவற்றில் இருந்தனர். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததும் அவர்களே தம் தெருக்களில் திட்டத்துக்காகப் பேசத் தொடங்கினர். கட்சி வேறுபாடின்றி மன்ற உறுப்பினர்கள் தத்தம் வார்டுகளில் வீடு வீடாகச் சென்றனர். வசூலான பணம் நகராட்சியின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட்டது. சம்பளத்துக்கோ சாலைக்கோ அதிலிருந்து எடுக்க முடியாது என்ற உறுதிமொழியை எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நகராட்சி நிதியில் பழகியவர்கள், அந்தத் தனிக் கணக்குதான் இந்த நிகழ்வில் மிக முக்கியமானது என்று கூறினால் நான் ஒப்புக்கொள்வேன். பொதுக் கணக்கில் விழும் பணத்துக்கு நினைவு கிடையாது. எந்த வீடு எதற்காகக் கொடுத்தது என்பது முதல் மாதச் சம்பள நாளிலேயே மறைந்துவிடும். தனிக் கணக்கில் இருந்த பணமோ வட்டியையும் ஈட்டிற்று, கடன் தருவோருக்குச் சான்றாகவும் நின்றது. எட்டுக் கோடியை ஐயாயிரத்தால் வகுத்தால் பதினாறாயிரம் வரும். அத்தனை குடும்பங்கள் இந்தத் திட்டத்தின் மீது பணத்தை வைத்துப் பேசியிருக்கின்றன என்று அந்த வங்கிக் கணக்கைக் காட்டிச் சொல்ல முடிந்தால், எஞ்சிய 26 கோடிக்குக் கதவு திறப்பது எளிதாகிறது. கால் பங்குக்கும் குறைவான பணம் முழுத் திட்டத்தையும் நகர்த்தியது இப்படித்தான்.

சுத்திகரிப்பு நிலையமும் உறுதி செய்த அளவும்

கழிவுநீரைச் சேர்த்தால் போதாது. அதைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும். பெருங்குடியில் நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள நிலையம் திட்டமிடப்பட்டு, முதற்கட்டமாக 1.2 கோடி லிட்டர் அளவுக்கு அமைக்க முடிவாயிற்று. இதற்கு நகராட்சி தன் கைப்பணத்தைப் போடவில்லை. தனியார் நிறுவனம் தன் முதலீட்டில் நிலையத்தைக் கட்டி, 14 ஆண்டுகள் இயக்கி, பிறகு நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற முறையில் ஒப்பந்தம் போடப்பட்டது. சுத்திகரித்த நீரின் அளவுக்கேற்ப நகராட்சி அந்நிறுவனத்துக்குப் பணம் செலுத்தும். குழாய் பதிக்கும் பணியும் நிலையமும் ஐவிஆர்சிஎல் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தன. நிலையத்தில் வாடெக் வபாக் நிறுவனம் அதனுடன் பங்கேற்றது. இரண்டு வேலைகளையும் ஒரே பொறுப்பில் விட்டதற்குத் தெளிவான காரணம் உண்டு. குழாய் தாமதமானதால் நிலையத்துக்கு நீர் வரவில்லை என்று ஒருவரும், நிலையம் தயாராகாததால் குழாயைத் திறக்க முடியவில்லை என்று மற்றொருவரும் பழி சொல்லிக்கொள்ள இடம் இருக்கக் கூடாது.

இந்தியாவில் நகராட்சிக் கழிவுநீர்த் துறையில் இந்த முறை அப்போது புதியது. தனியார் நிறுவனத்துக்கு இருந்த அச்சம், இணைப்புகள் மெதுவாக வந்து நிலையத்துக்குப் போதிய கழிவுநீர் சேராமல் போனால் என்ன செய்வது என்பதே. ஆகவே குறைந்தபட்ச அளவு ஒன்றுக்கான பணத்தை, நீர் வந்தாலும் வராவிட்டாலும், நகராட்சி தருவதாக ஒப்புக்கொண்டது. இது நகராட்சியின் மீது விழுந்த சுமைதான். ஆனால் அதற்கு ஒரு நற்பயனும் இருந்தது என்று கருதுகிறேன். நீர் வராமலேயே பணம் கொடுக்க நேரிடும் என்ற நெருக்கடி, வீட்டு இணைப்புகளை விரைந்து கொடுக்க நகராட்சியைத் தூண்டியது. நம் நகரங்களில் கட்டி முடித்த பிறகும் இணைப்பின்றிக் காய்ந்து கிடக்கும் நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மாநில அரசும் ஓர் உறுதியைத் தந்தது. கழிவுநீர்க் கணக்கில் வரவு குறைந்து கடனையும் பராமரிப்புச் செலவையும் ஈடுசெய்ய முடியாமல் போனால், அந்த இடைவெளியைத் தான் நிரப்புவதாக அது ஏற்றது. இந்த உறுதி இல்லாமல் கடன் கொடுத்தோரும் ஒப்பந்ததாரரும் முன்வந்திருப்பார்களா என்பது ஐயமே. உள்ளூர் மக்களின் தன்முயற்சி என்று ஆலந்தூரைப் புகழும்போது, பின்னால் நின்ற இந்தக் கையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பணி 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. 2001இல் மாநிலத்தில் ஆட்சி மாறியபோதும் திட்டம் நிற்கவில்லை. பல்லாயிரம் வீடுகளில் ரசீது இருக்கும்போது அதை நிறுத்துவது எந்த அரசுக்கும் எளிதன்று.

யாரால் கட்ட முடியவில்லை

இந்த முறையின் குறையையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். வைப்புத்தொகை என்பது சொத்து உள்ளவரிடம் கேட்கப்படும் பணம். சொத்து வரிக்கு வீட்டின் பரப்பும் மதிப்பும் அளவுகோல். வைப்புத்தொகையோ இரண்டு கிரவுண்டு மாளிகைக்கும் ஓர் அறை ஓட்டு வீட்டுக்கும் ஒன்றே. மாதம் 150 ரூபாய் என்பது ஆண்டுக்கு 1,800 ரூபாய். ஒரு குடும்பத்துக்குப் பொருட்டில்லாத அந்தத் தொகை இன்னொரு குடும்பத்தில் சில மாத அரிசிச் செலவாக இருந்திருக்கலாம். வாடகைக்குக் குடியிருப்போர் வைப்புத்தொகையை நேரடியாகக் கட்டவில்லை. ஆனால் வீட்டு உரிமையாளர் கட்டியது வாடகையில் சேர்ந்திருக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது.

குடிசைப் பகுதிகளில் தனி இணைப்புக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. அங்கே பொதுக் கழிப்பிட வளாகங்களைக் கட்டிக் குழாயுடன் இணைப்பதே வழியாக இருந்தது. இதனால் நோயும் துர்நாற்றமும் குறைந்தன என்பது உண்மை. எனினும் தன் வீட்டுக்குள் கழிப்பறை உள்ளவருக்கும், இரவில் பொது வளாகத்துக்கு நடந்து போக வேண்டிய பெண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் அப்படியே இருந்தது. மக்கள் பங்களிப்பு என்ற சொல் இனிமையானது. பங்களிக்க இயலாதவரை எப்படிச் சேர்ப்பது என்பதைத் திட்டம் வரையும்போதே எழுதாவிட்டால், அந்தச் சொல்லே அவர்களை வெளியே நிறுத்திவிடும். பிற்காலத்தில் பாதாளச் சாக்கடைத் திட்டங்களுக்கு வைப்புத்தொகை பெறுவது தமிழ்நாட்டின் பல நகராட்சிகளிலும் வழக்கமாயிற்று. அங்கெல்லாம் வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கு எளிதில் பரவியது. தனிக் கணக்கு, சங்கங்களோடு நடந்த நீண்ட உரையாடல், குறைந்தபட்ச அளவுக்கான ஒப்பந்தம் ஆகியவை அதே வேகத்தில் பரவவில்லை என்பது என் மதிப்பீடு.

மதுரையும் சிறு நகராட்சிகளும்

அதே காலத்தில் மதுரை மாநகராட்சி வேறொரு வழியில் சென்றது. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுச்சாலையை நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனைக் கொண்டு அமைத்து, அதில் செல்லும் வாகனங்களிடம் சுங்கக் கட்டணம் பெற்றது. பிறகு 2001இல் 30 கோடி ரூபாய்க்கு 12.25 விழுக்காடு வட்டியில் பத்திரம் (முதலீட்டாளர்களிடம் நேரடியாகக் கடன் திரட்டும் கடன் பத்திரம்) வெளியிட்டுப் பழைய கடனை அடைத்தது. வட்டி விகிதம் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், விலை கூடிய கடனை விலை குறைந்த பத்திரத்தால் மாற்றிக்கொண்டது நல்ல நிதி நிர்வாகம். இங்கே பணம் கொடுத்தவர் பெரும்பாலும் ஊர்க்காரர் அல்லர். வழிப்போக்கு லாரியும் பேருந்தும் கட்டணம் செலுத்தின. அது அரசியலுக்கு எளிது. ஆனால் சாலை தங்களுடையது என்ற எண்ணம் ஆலந்தூர்க்காரருக்குத் தம் குழாயின் மீது வந்ததைப் போல மதுரைக்காரருக்கு வந்ததா என்றால், இல்லை என்றே சொல்வேன்.

மாநகராட்சிக்குப் பத்திரச் சந்தை திறக்கும். சின்னஞ்சிறு நகராட்சிக்குத் திறக்காது. 2 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டால் தர மதிப்பீட்டுக் கட்டணமும் சட்டச் செலவுமே அதைத் தின்றுவிடும். இதற்குத் தமிழ்நாடு கண்ட விடை, பல நகராட்சிகளின் தேவையை ஒன்றாகக் கட்டுவது. 2002 டிசம்பரில் குடிநீர் மற்றும் சுகாதாரக் கூட்டு நிதியம் 13 சிறு உள்ளாட்சிகளுக்காக 30.41 கோடி ரூபாய்க்கு, 15 ஆண்டு காலத்துக்கு, 9.2 விழுக்காடு வட்டியில் பத்திரம் வெளியிட்டது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் வருவாயில் ஒரு பகுதியை எஸ்க்ரோ எனப்படும், கடனடைக்க மட்டுமே பயன்படும் கணக்கில் செலுத்த வேண்டும். தவறினால் மாநில அரசு அதற்குத் தர வேண்டிய பகிர்வு நிதியிலிருந்து பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே, அசலில் 50 விழுக்காட்டுக்கு அமெரிக்காவின் சர்வதேச வளர்ச்சி முகமை உத்தரவாதம் அளித்தது. மதுரை தனியாக 12.25 விழுக்காடு கொடுத்த அடுத்த ஆண்டே, அதைவிடச் சிறிய 13 ஊர்கள் சேர்ந்து 9.2 விழுக்காட்டில் பணம் பெற்றன. சந்தை வட்டி இறங்கியது இதில் ஒரு பங்கு. அடுக்கடுக்காக வைத்த காப்பு மற்றொரு பங்கு. இந்த முறை இந்தியா முழுவதும் பாராட்டப்பட்டும் பரவலாகப் பின்பற்றப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

ஆலந்தூர் சென்னையில் சேர்ந்த பின்

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது ஆலந்தூர் நகராட்சி அதனுடன் இணைந்து 12ஆவது மண்டலமாயிற்று. தன் பெயரில் கடன் வாங்கி, தன் மக்களிடம் வைப்புத்தொகை பெற்ற அந்த நகர்மன்றம் இப்போது இல்லை. தெருக்களுக்கு அடியில் குழாய் இருக்கிறது. யாரிடம் கணக்குக் கேட்பது என்பது மட்டும் மாறிவிட்டது. நங்கநல்லூர்ச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்து வரவு செலவை விளக்கிய தலைவருக்கு இணையானவர், பல லட்சம் மக்கள் வாழும் மாநகராட்சியில் யார் என்பதற்கு எளிய விடை இல்லை.

அதே பெருநகரச் சென்னை மாநகராட்சி, 2025இல் 200 கோடி ரூபாய்க்கு 7.97 விழுக்காடு வட்டியில் பத்திரம் வெளியிட்டு, தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதியில், அதாவது மணலி, திருவொற்றியூர், மாதவரம் உள்ளிட்ட வடசென்னை மண்டலங்களில், மழைநீர் வடிகால் அமைக்கும் பணிக்கு இந்தப் பணம். 1998இல் ஆமதாபாத் மாநில அரசின் உத்தரவாதமின்றி 100 கோடிக்கு வெளியிட்ட பத்திரத்தில் தொடங்கி, 2015இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த விதிமுறைகளுக்குப் பின் 2017இல் புனே 200 கோடி திரட்டியது வரை நீண்ட வரிசையில், சென்னை காலம் கடந்தே வந்து சேர்ந்தது. பத்திரம் வெளியிடும் நகரங்களுக்கு ஒவ்வொரு 100 கோடிக்கும் 13 கோடி ரூபாய் என நடுவண் அரசு ஊக்கத்தொகை தரும் திட்டமும் இதற்குத் துணை.

ஆனால் மழைநீர் வடிகால், ஆலந்தூரின் குழாயிலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகிறது. கழிவுநீர்க் குழாய்க்கு இணைப்புப் பெறும் வீடு உண்டு, ரசீது உண்டு, மாதக் கட்டணம் உண்டு. வெள்ளநீரைக் கொண்டுபோகும் வடிகாலுக்கு இணைப்புக் கட்டணம் வாங்க முடியாது. தெருவில் நீர் தேங்காமல் இருப்பதற்கு யாருக்கும் மாதாமாதம் பில் போட இயலாது. ஆகவே 200 கோடிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 கோடி ரூபாய் வட்டியும், பிறகு அசலும், மாநகராட்சியின் பொது வருவாயிலிருந்துதான் வர வேண்டும். அதில் பெரும்பங்கு சொத்து வரி. 2022இல் தமிழ்நாட்டில் சொத்து வரி, கட்டடத்தின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை நாம் மறக்கவில்லை. அந்த உயர்வுக்கு எதிராகப் பேசியவர்களில் பலருக்கு, தம் வரி எந்தத் தெருவின் எந்த வடிகாலாக மாறுகிறது என்பதை எவரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை.

1990களின் இறுதியில் ஐயாயிரம் ரூபாய் கட்டி ரசீது பெற்ற ஆதம்பாக்கத்து வீட்டு உரிமையாளர், இன்று செலுத்தும் சொத்து வரியின் ஒரு சிறு பங்கு, அவர் ஒருமுறைகூடப் போயிராத மணலியின் வடிகாலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டியாகப் போகிறது. ஒரே மாநகரம் என்றான பிறகு அது முறையானதே. அன்று அவரிடம் பணம் கேட்டு வந்தவர்கள், எவ்வளவு கடன், எத்தனை விழுக்காடு வட்டி, எந்தக் கணக்கில் பணம் இருக்கும், குழாய் எப்போது வரும் என்று அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னார்கள். அந்த நான்கு விடைகளையும் இன்றைய வரி ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டுத் தருவதற்கு மாநகராட்சிக்குக் கூடுதல் கடன் எதுவும் தேவையில்லை.